மின்னூட்டம், மின்புலம், மின்னழுத்தம்: கடலடித் தந்தி இணைத்த மூன்று கருத்துகள்

இன்றைய இயற்பியல் பாடநூல்களில் மின்னூட்டம், மின்புலம், மின்னழுத்தம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்த பக்கங்களில், ஒன்றிலிருந்து மற்றொன்று இயல்பாகவே கிளைத்ததுபோல் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பொருளில் தேங்கியிருக்கும் மின்சாரத்தின் அளவு மின்னூட்டம் எனப்படுகிறது. அதைச் சூழ்ந்த வெளியில் ஓரிடத்தில் ஓரலகு மின்னூட்டத்தை வைத்தால் அதன்மீது எவ்வளவு விசை, எந்தத் திசையில் செயல்படும் என்பதைச் சொல்வது மின்புலம். அந்த விசையை எதிர்த்து ஓரலகு மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லத் தேவைப்படும் வேலை, அவ்விரு இடங்களுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு. ஆனால் வரலாற்றில் இவை இந்த வரிசையில் பிறக்கவில்லை. மின்னூட்டம் பதினெட்டாம் நூற்றாண்டின் சோதனைக்கூட மேசைகளிலும், மின்னழுத்தம் ஒருபுறம் கருவி செய்வோரிடமும் மறுபுறம் கணிதவியலாரிடமும், மின்புலம் கணிதமே பயிலாத ஒருவரின் சிந்தனையிலும் தனித்தனியே உருவாயின. இம்மூன்றையும் ஒரே பொருளின் மூன்று முகங்களாக ஏற்கும்படி செய்ததில் பெரும்பங்கு, 1850களிலும் 1860களிலும் பிரிட்டனில் வளர்ந்த கடலடித் தந்தித் தொழிலுக்கு உரியது.

மின்னூட்டத்தின் கதை 1729இல் லண்டனின் சார்ட்டர்ஹவுஸ் இல்லத்தில் வாழ்ந்த ஸ்டீபன் கிரே என்பவரிடம் தெளிவான வடிவம் பெறத் தொடங்குகிறது. தேய்த்த கண்ணாடிக் குழாயின் ஈர்ப்பாற்றல் நூலின் வழியாக நெடுந்தொலைவு செல்லும் என்றும், அந்த நூலைப் பட்டு இழைகளால் தாங்கினால் ஆற்றல் நிற்கும், உலோகக் கம்பியால் தாங்கினால் நழுவிவிடும் என்றும் அவர் கண்டார். மின்கடத்தி, மின்காப்பு என்னும் பிரிவினை அங்கிருந்துதான் தொடங்கியது. பிரான்சில் டு ஃபே மின்சாரம் இருவகைப்படும் என்றார். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின், இருவகை இல்லை, ஒன்றின் மிகையும் குறைவுமே நேர், எதிர் எனத் தோன்றுகின்றன என்றார். இடையில், 1745இலும் 1746இலும் ஜெர்மானியரான கிளைஸ்ட்டும் ஹாலந்தின் லேடன் நகரத்து முசென்புரூக்கும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்த லேடன் ஜாடி, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்க முடியும் என்பதைக் காட்டியது. உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிக் குடுவையே அதன் முதிர்ந்த வடிவம். 1785இல் சார்லஸ் கூலும் முறுக்குத் தராசு கொண்டு, இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று நிறுவினார். ஓரிடத்து மின்னூட்டம் தொலைவில் உள்ள மின்னூட்டத்தை இடைவெளியைத் தாண்டி நேரடியாகத் தாக்குகிறது என்னும் எண்ணம் அத்துடன் வலுப்பெற்று, அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளுக்கு அசைக்க முடியாததாக நின்றது. இடையில் உள்ள கண்ணாடிக்கோ காற்றுக்கோ அந்தக் கணக்கில் பங்கு இல்லை.

ஆனால் லேடன் ஜாடியைக் கையாண்டவர்களுக்கு, மின்னூட்டத்தின் அளவு ஒன்றை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் விளக்க முடியவில்லை. பெரிய ஜாடியும் சிறிய ஜாடியும் ஒரே மின்பொறியிலிருந்து நிரப்பப்பட்டபோது, நிலைமின்காட்டியின் இரு இலைகளும் இரண்டிலும் ஒரே அளவே விரிந்தன. தொட்டவருக்குக் கிடைத்த அதிர்ச்சியோ பெரிய ஜாடியில் பன்மடங்கு. ஏரியில் உள்ள நீரின் அளவு வேறு, கரையில் நட்ட அளவுகல் காட்டும் நீர்மட்டம் வேறு என்பதைப் போன்ற வேறுபாடு இது. லண்டனில் தனிமையில் வாழ்ந்த ஹென்றி கேவண்டிஷ் 1770களிலேயே இதைத் துல்லியமாக உணர்ந்து, மின்னேற்றத்தின் அளவுக்கும் அதன் படிநிலைக்கும் உள்ள விகிதத்தைப் பல வடிவப் பொருள்களுக்கு அளந்திருந்தார். அவருடைய அளவீடுகளில் பெரும்பாலானவை அச்சேறாமல் கிடந்து, 1879இல்தான் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லின் பதிப்பாக வெளிவந்தன. நூறாண்டு முன்னதாக வெளிவந்திருந்தால் எத்தனையோ பேரின் உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

கேவண்டிஷ் மறைத்து வைத்ததை வெளிப்படையாகச் செய்துகாட்டியவர் இத்தாலியின் கோமோ நகரத்து அலெசாண்ட்ரோ வோல்டா. மின்சாரம் ஒரு பொருளிலிருந்து வெளியேற முனையும் வேகத்தை அவர் இழுவிசை என்னும் பொருள்படும் சொல்லால் குறித்து, மின்னூட்டம் என்பது பொருளின் ஏற்புத்திறனையும் இந்த இழுவிசையையும் பெருக்கிவரும் தொகை என்றார். இன்றைய மின்தேக்கி வாய்பாடு இதிலிருந்து வேறுபட்டதன்று. மிக நலிந்த மின்சாரத்தையும் கண்டறிய 1780களின் தொடக்கத்தில் அவர் விவரித்த கருவி இங்கே சற்று நெருங்கிப் பார்க்கத் தக்கது. மெல்லிய மெருகெண்ணெய் பூசிய இரு உலோகத் தட்டுகள் ஒன்றன்மீது ஒன்றாக வைக்கப்படும். கீழ்த்தட்டு நிலத்துடன் இணைந்திருக்க, மேல்தட்டில் நலிந்த மின்மூலம் ஒன்று தொட்டு எடுக்கப்படும். அந்த நிலையில் மேல்தட்டை நிலைமின்காட்டியில் தொட்டால் இலைகள் அசைவதில்லை. மேல்தட்டைக் காப்புக் கைப்பிடியால் உயர்த்தியபின் தொட்டால் இலைகள் விரிகின்றன. புதிய மின்னூட்டம் எதுவும் சேரவில்லை. தட்டுகளைப் பிரித்தது மட்டுமே நடந்தது. இன்றைய மொழியில் இதன் விளக்கம் எளிது: தட்டின் மின்னூட்டம் மாறாததால் இடைவெளியின் மின்புலமும் தொடக்கத்தில் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது, மின்னழுத்த வேறுபாடு என்பது அந்தப் புலத்தையும் இடைத்தொலைவையும் பெருக்கி வருவதாகையால், தொலைவு கூடக் கூட அது உயர்கிறது, உயர்த்துபவரின் கை, தட்டுகளின் ஈர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலைதான் அந்த உயர்வுக்கு விலை. மூன்று கருத்துகளும் அந்த ஒரு கையசைவில் அடங்கியிருந்தன. ஆனால் மின்புலம் என்ற எண்ணமே பிறக்காத காலத்தில் வோல்டாவால் அவற்றில் இரண்டைத்தான் பார்க்க முடிந்தது. 1800இல் அவர் அமைத்த மின்கல அடுக்கு, மிகச் சிறிய இழுவிசையில் மிகப் பெரிய அளவு மின்சாரத்தை இடையறாது தந்து, இவ்வேறுபாட்டை ஐரோப்பா முழுவதற்கும் உணர்த்தியது.

கருவியாளர்களின் இழுவிசைக்கு இணையாக, காகிதத்தில் மட்டும் வாழ்ந்த இன்னொன்று கணிதவியலாரிடம் வளர்ந்தது. மின்னூட்டங்களால் நேரும் விசையைத் திசைவாரியாகக் கணக்கிடுவதை விட, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண் இடத்துக்கு இடம் மாறும் வீதத்திலிருந்து விசையைப் பெறுவது எளிது என்பதைப் பிரான்சின் புவாசோன் பயன்படுத்திக் காட்டினார். நாட்டிங்ஹாம் அருகே காற்றாலையில் மாவரைத்து வாழ்ந்த ஜார்ஜ் கிரீன், 1828இல் சந்தாதாரர் சிலரின் பணத்தில் அச்சிட்ட கட்டுரை ஒன்றில் இந்த எண்ணுக்கு நிலைப்பண்புச் சார்பு என்ற பெயரிட்டு, அதன் இலக்கணத்தை முழுமையாக வகுத்தார். அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. கிரீன் 1841இல் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின், கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்த இளைஞர் வில்லியம் தாம்சன் கையில் அந்தக் கட்டுரை கிடைத்தது. அவர் முயற்சியால் அது ஜெர்மனியின் கிரெல்லே ஆய்விதழில் மறுபதிப்பானது. வோல்டாவின் இழுவிசையும் கிரீனின் சார்பும் இன்று மின்னழுத்தம் எனப்படும் ஒன்றே என்பது அப்போதும் பலருக்கு விளங்கியிருக்கவில்லை. மின்சுற்றுகளுக்கு 1827இல் விதி தந்த ஓம் கையாண்ட மின்காட்டு விசை என்பதும் அதே நிலைப்பண்புதான் என்று கிர்க்காஃப் எடுத்துக்காட்டியது 1849இல்.

மூன்றாம் கருத்து மைக்கேல் ஃபாரடேயுடையது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்து வாழ்நாள் முழுதும் அங்கேயே உழைத்தவர், கணிதக் குறியீடுகளின் பக்கம் போகாதவர். அதனாலேயே கூலும் விதியின் அழகு அவரைக் கட்டிப்போடவில்லை. 1837இல் அவர் ஒரே அளவுள்ள இரு கோளமின்தேக்கிகளைச் செய்து, ஒன்றின் இடைவெளியில் காற்றும் மற்றொன்றில் அரக்கும் கந்தகமும் போன்ற காப்புப்பொருள்களும் நிரப்பிப் பார்த்தபோது, காப்புப்பொருள் இருந்த கோளம் அதே இழுவிசையில் கூடுதல் மின்னூட்டத்தை ஏற்றது. இடையிலுள்ள பொருள் மாறினால் தேங்கும் அளவு மாறுகிறது என்றால், மின்செயல் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதில்லை, அதன் ஊடாகவே நடக்கிறது என்பது அவருடைய முடிவு. காப்புப்பொருளின் துகள்கள் ஒன்றையொன்று இழுத்து நிற்கும் வரிசைகளை அவர் விசைக்கோடுகள் என்று கண்டார். மின்னூட்டம் என்பது அந்தக் கோடுகள் உலோகத்தில் முடியும் இடமேயன்றி வேறில்லை என்றும் சொன்னார். அவருடைய சோதனைகளைப் போற்றியவர்கள் பலர். விசைக்கோடுகளை நம்பியவர்கள் மிகச் சிலர். தாம்சன் இருபது வயதையொட்டிய காலத்திலேயே, ஃபாரடேயின் கோடுகளும் கூலுமின் விதியும் ஒரே விடையைத்தான் தரும் என்று கணக்கால் காட்டியிருந்தார். ஒரே விடை வருமானால் பழையதை விடுவானேன் என்பதே பெரும்பாலோரின் நிலை.

இந்த நிலையை மாற்றியது மலேயத் தீவுக்கூட்டங்களின் காடுகளிலிருந்து வந்த ஒரு மரப்பால். கட்டாபெர்ச்சா எனப்படும் அது வெந்நீரில் குழைந்து, ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடுவதில்லை, மின்சாரத்தை நன்கு தடுக்கிறது. 1840களில் லண்டனுக்கு வந்த இந்தப் பொருள், தண்ணீருக்கடியில் கம்பி போட முடியுமா என்று தவித்துக்கொண்டிருந்த தந்தித் தொழிலின் கவலையைத் தீர்த்தது. கொஞ்சம் பாலுக்காக ஒரு முழு மரமே வெட்டிச் சாய்க்கப்பட்டது என்பதையும், பிரிட்டனின் கடலடி வடங்களுக்காக அந்தக் காடுகள் பெருமளவு அழிந்தன என்பதையும் இந்த வரலாற்றிலிருந்து ஒதுக்கிவிடக் கூடாது. 1850இல் டோவருக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட முதல் கம்பி உடனே அறுந்தது. அடுத்த ஆண்டு இரும்புக் கம்பிகளால் கவசமிட்ட வடம் நிலைத்தது. அத்துடன் ஒரு புதுத் தொல்லையும் தோன்றியது. கம்பங்களில் தொங்கிய கம்பியில் சட்டென்று சென்று சட்டென்று நின்ற குறிகள், கட்டாபெர்ச்சா போர்த்து மண்ணிலோ நீரிலோ கிடந்த கம்பியில் தயங்கித் தொடங்கி, இழுபட்டு, ஒன்றோடொன்று கலந்து வந்தன. பிரஷ்யாவின் நிலத்தடிக் கம்பிகளில் வெர்னர் சீமென்ஸும் இதைக் கண்டார்; இங்கிலாந்தில் பொறியாளர் லாட்டிமர் கிளார்க் 1853இல் ஃபாரடேயை அழைத்துக் காட்டினார்.

லண்டன் வார்ஃப் சாலையில் இருந்த கட்டாபெர்ச்சா ஆலையில், கால்வாய்ப் படகுகளின் ஓரத்தில் அரைமைல் சுருள்களாகத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வடங்களைச் சோதிப்பது வழக்கம். அச்சுருள்களை இணைத்து 100 மைல் நீளமாக்கி, ஒரு முனையை 360 இணைத்தகடுகள் கொண்ட மின்கல அடுக்கில் ஒரு கணம் தொட்டு விலக்கிய பின், தொட்டவருக்கு அதிர்ச்சி கிடைத்தது. விரலால் மெல்லத் தட்டித் தட்டி எடுத்தபோது ஒரே நிரப்பலிலிருந்து நாற்பது அதிர்ச்சிகள் வரை தாம் உணர்ந்ததாக ஃபாரடே 1854 ஜனவரியில் நிகழ்த்திய சொற்பொழிவில் தெரிவித்தார். அதே நீளக் கம்பி காற்றில் இருந்தபோது இப்படி எதுவும் நிகழவில்லை. அவருக்கு விளக்கம் உடனே புலப்பட்டது: செம்பு உட்தகடாகவும், கட்டாபெர்ச்சா கண்ணாடியாகவும், சூழ்ந்த நீர் வெளித்தகடாகவும் அமைந்த மாபெரும் லேடன் ஜாடி இது, 100 மைல் நீளத்தில் செம்பின் மேற்பரப்பே 8,000 சதுர அடிக்கும் மேல். கம்பியின் வழியே குறி போவதற்கு முன், ஒவ்வோர் அடி நீளத்திலும் காப்புப்பொருளின் ஊடாக விசைக்கோடுகள் நிறுத்தப்பட வேண்டும். அதற்கு மின்னூட்டம் வேண்டும், மின்னூட்டம் வந்துசேர நேரம் வேண்டும். பதினாறு ஆண்டுகளுக்கு முன் கோளத்துக்குள் கந்தகத்தை நிரப்பிக் கண்ட உண்மை, இப்போது ஒரு தொழிலின் வருமானத்தையே தீர்மானிக்கும் உண்மையாகிவிட்டது.

கிளாஸ்கோவில் பேராசிரியராகிவிட்ட தாம்சன் 1854 இறுதியில் இதைக் கணிதமாக்கினார். வடத்தின் ஒவ்வொரு சிறுபகுதியிலும் தேங்கும் மின்னூட்டம் அவ்விடத்து மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தம் நீளவாட்டில் சரியும் வீதத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்தால், ஒரு முனையில் சூடேற்றிய இரும்புக்கோலில் வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே எழுதிய சமன்பாடே வருகிறது. தாமதம் நீளத்தின் இருமடியாகக் கூடும், செம்பைத் தடிப்பாக்கினாலும் காப்பைத் தடிப்பாக்கினாலும் குறையும் என்பது முடிவு. முன்பு தனித்தனியே வளர்ந்தவை இங்கே ஒரே கணக்கில் வந்து அமர்ந்தன. காப்பினுள் குறுக்குவாட்டில் நிற்கும் மின்புலம், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கிறது. செம்பினுள் நீளவாட்டில் நிற்கும் மின்புலம், அதே மின்னூட்டத்தை முன்னே தள்ளுகிறது. மின்னழுத்தத்தின் சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வலிமையானது அந்தந்தத் திசையின் புலம். கிரீனின் சார்பு இப்போது அமில நெடியும் தாரும் மணக்கும் தொழிற்சாலைக்குள் நுழைந்து, பொறியாளர் அளக்க வேண்டிய பொருளாயிற்று.

இக்கணக்கை ஏற்காததன் விளைவு 1858இல் அட்லாண்டிக் கடலடியில் தெரிந்தது. அட்லாண்டிக் தந்திக் குழுமத்தின் மின்னியலாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், மருத்துவராக இருந்து இத்துறைக்கு வந்தவர். தம் சொந்தச் சோதனைகளை முன்வைத்து இருமடி விதியை வெளிப்படையாக மறுத்தார். வடமும் அதற்கேற்பவே செய்யப்பட்டிருந்தது: கடல்மைலுக்கு 107 பவுண்டு செம்பும் 261 பவுண்டு கட்டாபெர்ச்சாவும் கொண்ட உள்ளீடு, முழு விட்டம் எட்டில் மூன்று அங்குலம். ஆகஸ்ட் 5இல் அயர்லாந்தும் நியூஃபவுண்ட்லாந்தும் இணைந்தன. விக்டோரியா அரசி அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச்சேர 16 மணி நேரத்துக்கும் மேலானது. தயங்கும் குறியை வேகப்படுத்த, வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் தரும் பெரிய தூண்டுசுருள்களைப் பூட்டினார். காப்பின் தடிப்போ நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தனை மின்னழுத்தமும் அந்தச் சிறு தடிப்பில் சரிய வேண்டியிருந்ததால், காப்பினுள் மீட்டருக்கு ஐந்து லட்சம் வோல்ட் அளவில் மின்புலம் எழுந்தது. காப்பில் செம்பு நடுவிலிருந்து விலகிய இடங்களிலும் காற்றுக்குமிழி சிக்கிய இடங்களிலும் அது இன்னும் கூடியது. முன்பே சேதமுற்றிருந்த வடம் சில வாரங்களுக்குள் பேச்சிழந்தது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் குறி விரைவாகப் போகும் என்ற நம்பிக்கை தாம்சனின் சமன்பாட்டிலேயே பொய்யாகிறது: அழுத்தம் இரட்டித்தால் தேங்க வேண்டிய மின்னூட்டமும் இரட்டிக்கிறது, நேரம் மாறுவதில்லை. தாம்சன் நாடியது எதிர்வழி. குறைந்த அழுத்தத்தில் வந்துசேரும் நலிந்த மின்னோட்டத்தையும் காணும்படி, சிறு கண்ணாடியில் ஒளிக்கற்றையைத் தெறிக்கவிட்டு அசைவைப் பெருக்கிக் காட்டும் கால்வனாமீட்டரை அவர் செய்திருந்தார்.

செங்கடல் வழியாக இந்தியாவுக்குப் போட்ட வடமும் 1860இல் அடங்கிப் போனது. பிரிட்டிஷ் அரசும் அட்லாண்டிக் குழுமமும் சேர்ந்து 1859இலேயே அமைத்திருந்த விசாரணைக் குழு சாட்சியங்களைத் திரட்டி 1861இல் பெரும் அறிக்கை வெளியிட்டது. அதுவரை உலகில் போடப்பட்ட 11,000 மைலுக்கு மேற்பட்ட கடலடி வடங்களில் சுமார் 3,000 மைல் மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தது. அறிக்கையின் பக்கங்களில் தெரியும் குறை, அறியாமையை விட அளவின்மை. ஒருவர் மின்னழுத்தத்தை இத்தனை டேனியல் மின்கலம் என்றும், வேறொருவர் மின்தடையை இத்தனை மைல் கம்பி என்றும் கூறினால், வடத்தின் காப்பு சரியாக இருக்கிறதா என்று வாங்குபவரும் விற்பவரும் எப்படி ஒப்பந்தம் செய்துகொள்வது? அதே ஆண்டு மான்செஸ்டரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தில் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும், மின்னூட்டம், மின்னழுத்தம், மின்தடை, மின்னோட்டம் நான்கும் ஒன்றோடொன்று பொருந்தும் அலகுகளைப் பெற வேண்டும் என்று கேட்டனர். தாம்சனின் முயற்சியால் அங்கேயே ஒரு குழு அமைந்தது. அதில் பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கினும், அடுத்த ஆண்டிலிருந்து மேக்ஸ்வெல்லும் பணியாற்றினர். கம்பிச்சுருளைச் சுழற்றி மின்தடையின் திட்ட அளவை நிறுவும் அலுப்பூட்டும் வேலையில் மேக்ஸ்வெல் தாமே அமர்ந்தார். மின்காந்தப் புலத்தைப் பற்றிய அவருடைய பெருங்கட்டுரைகள் பிறந்ததும் அதே ஆண்டுகளில்தான். புலம் என்பது வெறும் கற்பனைக் கோடு இல்லை, ஆற்றலைத் தாங்கி நிற்கும் மெய்ப்பொருள் என்று அவர் எழுதியபோது, கட்டாபெர்ச்சாவுக்குள் தேங்கிய ஆற்றலைக் கையால் உணர்ந்த ஒரு தலைமுறை பிரிட்டனில் இருந்தது. கம்பத்துக் கம்பிகளே மிகுந்திருந்த கண்ட ஐரோப்பாவில், ஜெர்மானிய இயற்பியலாளர் வெபரைப் போன்ற பெருமேதைகள் இடைவெளியைத் தாண்டும் விசையையே தொடர்ந்து நம்பியதற்கு இந்த அனுபவ வேறுபாடும் ஒரு காரணமாகத் தோன்றுகிறது.

1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இறக்கிய வடம் முந்தையதை விட மும்மடங்கு செம்பு கொண்டது, நிலையாக இயங்கிற்று. 1870களின் தொடக்கத்தில் சென்னைக் கரையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் சென்ற வடமும் இதே கணக்கில் பிறந்ததே. வடநிலையங்களில் பணியாற்றியவர்களுக்கு மின்தேக்குத்திறனும் காப்புத் தடையும் அன்றாடப் பேச்சாயின. ஆயிரம் மைலுக்கப்பால் கடலடியில் எங்கே பழுது என்பதைக் கரையிலிருந்தே அளந்து கப்பலை அவ்விடத்துக்கு அனுப்பினர்.

1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியலாளர் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர், கூலும், ஃபாரட் ஆகிய பெயர்களை உலகுக்குப் பொதுவாக்கியது. வோல்ட்டின் அளவு டேனியல் மின்கலம் ஒன்றின் அழுத்தத்தை ஒட்டி இருக்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டதில் தந்திக்காரரின் கைப்பழக்கம் அப்படியே நிலைபெற்றது. இன்றைய இலக்கணப்படி, ஒரு கூலும் மின்னூட்டத்தை நகர்த்த ஒரு ஜூல் வேலை ஆகுமானால் அவ்விடங்களின் மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட். ஒரு வோல்ட்டுக்கு ஒரு கூலும் தேங்கினால் மின்தேக்குத்திறன் ஒரு ஃபாரட். மின்புலத்துக்கு மட்டும் தனிப்பெயர் கொண்ட அலகு அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் இல்லை. மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்றே அது அளக்கப்படுகிறது. உலர்ந்த காற்று மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட்டில் காப்பாற்றலை இழந்து பொறி பறக்கவிடும் என்று உயரழுத்தக் கம்பி அமைப்போர் கணக்கிடுவதும் அதே அலகில்தான்.